மான் வேட்டைச் சாமான்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

அக்கா மகனுக்கு அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நவம்பர் வந்தால் அங்கே ஆபீசில் பாதிப் பேர் லீவு போட்டுவிட்டு மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். தானும் வில்லோடு போகப் போவதாகச் சொல்லி, "மாமா, இதெல்லாம் வாங்கட்டுமா?" என்று ஒரு கடைப் பட்டியலை அனுப்பியிருந்தான். மொத்தத்தைக் கூட்டினால் ஒரு பழைய காரே வாங்கிவிடலாம். அதே மாநிலத்தில் மேடிசன் பக்கம் வேலையில் இருந்த வருடங்கள் முழுக்க நான் வில்வேட்டைக்காரன். இப்போது பெங்களூர் ராமமூர்த்தி நகரில் ரிட்டயர்டு வாழ்க்கை. அவனுக்கு எழுதியதைக் கொஞ்சம் நீட்டி இங்கே தருகிறேன். பெங்களூரில் காம்பவுண்ட் வில் (கப்பி வைத்த வில்) பழகுகிறவர்களும் இதே சாமான்களைப் பற்றித்தான் என்னைக் கேட்கிறார்கள்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். வில்லானாலும் துப்பாக்கியானாலும் ஒன்றுதான்; முயற்சி செய்தாலே குற்றம். பந்திப்பூர் பக்கம் "நமக்குத் தெரிஞ்ச எஸ்டேட் ஒண்ணு இருக்கு சார்" என்று காதோடு சொல்ல வருகிற ஆட்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விஸ்கான்சினில் கதை வேறு. வெள்ளைவால் மானுக்கு வில் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை போகும். லைசென்ஸ் வேண்டும். 1973 ஜனவரி 1-லிருந்து பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து தேறியிருக்க வேண்டும். கையில் கிடைத்த மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்துவிட வேண்டும். ஆக, கீழே எழுதியிருப்பது அந்த ஊர் மானுக்கும் இந்த ஊரில் குறிவைத்து எய்கிற குறிப்பலகைக்கும்.

பையன் பட்டியலில் ஹார்னஸ், அதாவது உயரத்திலிருந்து விழாமல் உடம்பைப் பிடித்துக்கொள்கிற வார்க்கட்டு, கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. முதல் வரிக்கு ஏற்றச் சொன்னேன். அந்த ஊரில் வில்வேட்டை என்பது பெரும்பாலும் மரத்தில் பரண் கட்டி உட்காருவது. 20 அடி உயரம், விடிவதற்கு முன்னால் இருட்டில் ஏற வேண்டும், படியில் பனி உறைந்திருக்கும், கையில் தடிமனான கையுறை. வேட்டைக்காரனை மான் ஒன்றும் செய்யாது, மரம்தான் செய்யும். நான் பயன்படுத்தியது ஹண்டர் சேஃப்டி சிஸ்டம் என்கிற கம்பெனியின் வெஸ்ட் மாதிரியான ஹார்னஸ். சட்டை போடுவதுபோலப் போட்டுத் தொடையில் இரண்டு, நெஞ்சில் ஒன்று மாட்டினால் போதும். இருட்டில் எந்த வார் எதனோடு என்று தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஹார்னஸ் மட்டும் வாங்கினால் பாதி வேலைதான் ஆகும். தரையிலிருந்து பரணுக்கு மேல் வரை கட்டுகிற லைஃப்லைன் கயிறும் கூடவே வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது விழுகிறவர்கள் குறைவு. ஏறும்போதும் இறங்கும்போதும், படியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும்தான் விழுவார்கள். அந்த நேரம் முழுக்க உடம்பு கயிற்றில் இருக்க வேண்டும். விழுந்து தொங்கினால் கால் வைத்து எழும்ப ஒரு வார் தருவார்கள், அதைப் பெட்டியிலேயே விட்டுவிடாதே. வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தால் தொடை வார் ரத்த ஓட்டத்தை இறுக்கி அதுவே ஆளை முடித்துவிடும். பழைய சாமான் விற்கிறவரிடம் ஹார்னஸ் மட்டும் வாங்கவே கூடாது. வாரில் தேதி அச்சடித்திருப்பார்கள், அது கடந்தால் வெட்டித் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இதில் நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன். நான் கோலார் தங்கவயல்காரன். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடுகிற காலம் வரைக்கும் எங்கள் லைன் வீடுகளில் பெல்ட்டும் கயிறும்தான் பேச்சு. அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு "நான் ஹார்னஸ் போடறதில்ல, இடைஞ்சலா இருக்கு" என்று சொல்கிற அமெரிக்க நண்பர்களைக் கண்டால் எரிச்சல் வரும்.

வில்லுக்கு வருவோம். என்னுடையது மேத்யூஸ் ஸ்விட்ச்பேக் எக்ஸ்டி. விஸ்கான்சினில் ஸ்பார்ட்டா என்கிற ஊரில் செய்தது. காம்பவுண்ட் வில்லுக்கு ஹாலெஸ் ஆலன் என்கிற மிசௌரிக்காரர் 1966-ல் காப்புரிமை கேட்டு 1969-ல் வாங்கினார். கப்பி வைத்த வில்லைப் பார்த்து அன்றைக்குப் பழைய வேட்டைக்காரர்கள் இது வில்லே இல்லை என்றார்களாம். அந்தக் கப்பியில்தான் சூட்சுமமே இருக்கிறது. இழுக்க 70 பவுண்டு பலம் கேட்கிற வில்லை இழுத்து முடித்ததும் 80 சதவீத பாரம் கழிந்துவிடும், விரலில் நிற்பது 14 பவுண்டுதான். மான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டால் அது வெளியே வரும்வரை இழுத்தபடி காத்திருக்கலாம்.

கடையில் எல்லோரும் வேகத்தைச் சொல்லித்தான் விற்பார்கள். பெட்டியில் அச்சடித்திருக்கிற வேகம் 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பு (நாணை இழுக்கிற நீளம்), 350 கிரெயின் (அம்பை நிறுக்கிற எடை அளவு) அம்பு என்ற கணக்கில் அளந்தது. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு 30 அங்குல இழுப்பு வராது, எனக்கு 28தான். வேட்டை அம்பும் 350 கிரெயினைவிடக் கனமாகத்தான் இருக்கும். ஆக, அந்த எண் உன் கையில் வராது. வந்தாலும் பிரயோஜனம் கம்மி. கணக்குப் போட்டுப் பார்: அம்பு விநாடிக்கு 280 அடி போகிறது, நாணின் சத்தம் 1,100 அடி போகிறது. 20 கஜத்தில் அம்பு சேர 0.2 விநாடிக்குச் சற்று மேல், சத்தம் சேர 0.05. 40 கஜத்தில் அம்புக்கு 0.4-க்கு மேல், சத்தத்துக்கு 0.1. அந்த இடைவெளியில் மான் குதித்து ஓடுவதற்காக முதலில் முழங்காலை மடக்கித் தாழும், அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். விநாடிக்கு 20 அடி கூடுதல் வேகம் இதைச் சரிசெய்யாது. சத்தமில்லாத வில்லும், கிட்டத்தில் வருகிற மானும்தான் சரிசெய்யும். ஸ்விட்ச்பேக்கை நான் வாங்கியதற்குக் காரணம் அதன் சத்தம். "தப்" என்று ஒரு தாழ்ந்த ஒலி, அவ்வளவுதான். குறை என்னவென்றால், இழுப்பு நீளத்தை மாற்ற வேண்டுமானால் கேமையே, அதாவது அந்தக் கப்பியையே, மாற்ற வேண்டும். இப்போது வருகிற வில்களில் அந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

அம்பு முனை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மஸ்ஸி மூன்று தகடு, 100 கிரெயின், அசையாத் தகடு. அகலம் 1 3/16 அங்குலம். விஸ்கான்சின் விதி கேட்பது குறைந்தது 7/8 அங்குலம். பறக்கும்போது மூடியிருந்து பட்டதும் விரிகிற முனைகளும் உண்டு, அகலமான காயம் கிடைக்கும் என்று விற்பார்கள். நண்பர் கொடுத்த ஒரு கம்பெனியுடையதை வைத்திருந்தேன். அம்பறாத்தூணியிலேயே விரிந்து நின்றது. கம்பெனி பெயர் வேண்டாம். விரிகிற முனையில் நல்லவையும் இருக்கின்றன, ஆனால் அசைகிற பாகம் ஒன்று கூடினால் கவலையும் ஒன்று கூடும். அசையாத் தகட்டில் ஒரு சங்கடம் உண்டு. அம்பின் முன்னால் சின்ன இறக்கை மாதிரி வேலை செய்து, வில் டியூன் ஆகாமல் இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். பயிற்சி முனை ஓரிடத்தில் படும், இது வேறிடத்தில் படும். நான் அதை நல்ல குணம் என்றே எடுத்துக்கொண்டேன்.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் வீழ்த்தும், அம்பு ரத்தப்போக்கால் வீழ்த்தும். அதனால் கூர்மைதான் மானுக்கு நாம் காட்டுகிற மரியாதை. ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்துத் தகட்டால் தொட்டால் உடனே அறுபட வேண்டும், இல்லையென்றால் தகடு மாற்று. எய்த பிறகு பரணிலிருந்து உடனே இறங்காதே. நுரையோடு இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்தால் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம். அம்பில் பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு, பத்து மணி நேரம் தள்ளிப்போ. அவசரப்பட்டுத் துரத்தினால் அது மைல் கணக்கில் ஓடி எங்கோ செத்துக் கிடக்கும்.

பையன் பட்டியலில் அதிகப் பணம் போயிருந்தது உடுப்புக்கும் வாசனை நீக்கும் சமாசாரத்துக்கும். கரி பூசிய ஜாக்கெட், ஓசோன் பெட்டி, தனி சோப்பு, தனி ஷாம்பு. நானும் இதில் சிலதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். காற்று உன் முதுகிலிருந்து மான் பக்கம் அடித்தால் எந்த ஜாக்கெட்டும் காப்பாற்றாது. காற்று பார்க்க ஒரு செலவுமில்லாத சாமான் இருக்கிறது. மில்க்வீட் செடியின் காய்ப் பஞ்சு. நம் எருக்கஞ்செடியின் அமெரிக்கப் பங்காளி அது, பஞ்சும் அதே எருக்கம்பஞ்சுதான். செப்டம்பரில் ரோட்டோரம் ரெண்டு காய் பறித்துப் பையில் வைத்துக்கொண்டு, பரணிலிருந்து ஒரு இழையைப் பறக்க விட்டால் நூறு கஜம் தாண்டிக் காற்று எங்கே திரும்புகிறது, எங்கே பள்ளத்தில் இறங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். கடையில் விற்கிற பொடி பாட்டில் பத்தடி வரைக்கும்தான் சொல்லும்.

இலை தழை அச்சடித்த துணியும் மானுக்காக அல்ல, வாங்குகிறவன் கண்ணுக்காகத்தான். மானுக்குச் சிவப்பு, ஆரஞ்சு பக்கம் பார்வை மந்தம், நீலம் பளிச்சென்று தெரியும். துப்பாக்கிப் பருவத்தில் வில்காரனும் ஆரஞ்சு போட்டாக வேண்டும் என்பது சட்டம் (2016-லிருந்து பளிச்சென்ற ரோஸும் செல்லும்). ஆரஞ்சில் நீ அசையாமல் உட்கார்ந்திருந்தால் மான் கண்டுகொள்ளாது. நீல ஜீன்ஸ் வேண்டாம், வெள்ளையைப் பளபளப்பாக்குகிற சலவைத் தூளில் துவைக்கவும் வேண்டாம். என் தழை ஜாக்கெட்டை ஒரு டிசம்பர் குளிரில் இங்கே போட்டுக்கொண்டு போனபோது ஆட்டோக்காரர் "மிலிட்டரியா சார்?" என்று கேட்டார். மரியாதையாக மீட்டர் போட்டது அந்த ஒரு தடவைதான்.

தூரம் அளக்கும் கருவி வாங்கலாம், ஆனால் கோணத்தைத் திருத்திச் சொல்கிற விலை கூடின மாடல் பரணுக்குத் தேவையில்லை. 20 அடி உயரத்திலிருந்து 20 கஜம் காட்டினால் சரியான கிடைத்தூரம் 19. ஒரு கஜத்தில் ஒன்றும் ஆகாது. மலை வேட்டைக்குப் போகிறவன் வாங்கட்டும். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் கண்டிப்பாக வேண்டும். என்னுடையது 2022 செப்டம்பரில் வெள்ளம் வந்தபோது மச்சானைப் பார்க்க பெல்லந்தூர் பக்கம் போகவும் உதவியது.

கறி பற்றி ஒன்று. 2002-ல் மேடிசனுக்குப் பக்கத்தில் மான்களிடம் சி.டபிள்யூ.டி. என்கிற மூளை நோய் கண்டுபிடித்தார்கள். சமைத்தால் அழியாத வகை. தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் பெயர் எழுதி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் "ரிசல்ட் வராம குக்கர் ஏறாது" என்பது மனைவியின் உத்தரவு. மான் கொழுப்பு வாயில் மெழுகாக ஒட்டும், பொட்டு விடாமல் சீவிவிட வேண்டும். தொடைக்கறியில் மேல்ஜவ்வை உரித்துச் சின்னத் துண்டாக்கி, சின்ன வெங்காயமும் மிளகும் தாராளமாகப் போட்டு வறுத்தால் ஆட்டுக்கறியை மறந்துவிடலாம்.

இனி பெங்களூர்க்காரர்களுக்கு. இங்கே என் வில் குறிப்பலகைக்கு மட்டும்தான். போட்டி விதிப்படி காம்பவுண்ட் வில் 60 பவுண்டைத் தாண்டக் கூடாது, ஆகவே லிம்ப் என்கிற வில்லின் இரண்டு கைகளின் போல்ட்டையும் ஒரே அளவு தளர்த்திப் பாரத்தை இறக்கிக்கொண்டேன். 20, 30, 40 கஜத்துக்கு வைத்த வேட்டைப் பின்கள் (குறி பார்க்கிற ஊசிகள்) 50 மீட்டருக்கு உதவவில்லை. லென்ஸ் வைத்த ஒற்றை சைட் தனியாக வாங்கினேன். மணிக்கட்டில் கட்டி ஆள்காட்டி விரலால் அழுத்துகிற ரிலீஸ் (நாணை விடுவிக்கிற கருவி) கையுறைக்கு மேல் வசதி, ஆனால் பலகை முன்னால் விரல் அவசரப்படும். கட்டைவிரல் ரிலீஸுக்கு மாறியதும் பலகையில் அம்புகள் நெருங்கி விழ ஆரம்பித்தன. மானின் நுரையீரல் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம், அதுவும் 20 கஜத்தில். இங்கே பத்துப் புள்ளி வட்டம் 8 சென்டிமீட்டர், 50 மீட்டரில். என் பக்கத்தில் நின்று எய்கிற பள்ளிப் பெண்கள் என்னைச் சுலபமாக முந்துகிறார்கள். 2023-ல் பெர்லினில் அதிதி சுவாமி 17 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்தும், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணி சேர்ந்ததிலிருந்தும் ரேஞ்சில் இடம் கிடைப்பதே பாடு. வேட்டை முனையை ரேஞ்சுக்குக் கொண்டுவராதீர்கள், அனுமதியும் கிடையாது, அட்டைப் பலகையும் கிழிந்துபோகும்.

நாண் மாற்றுவதுதான் இந்த ஊரில் நிஜமான தலைவலி. ஒரு கடையில் கொடுத்தேன். பிரெஸ் (வில்லை அழுத்திப் பிடித்து நாணைத் தளர்த்துகிற கருவி) இல்லாமலே கழற்றிவிடலாம் என்று இரண்டு பேர் வில்லைக் காலில் அழுத்தப் பார்த்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிரெஸ் இல்லாமல் காம்பவுண்ட் நாணைக் கழற்ற முயன்றால் லிம்ப் உடைந்து முகத்தில் அடிக்கும். நாணை மகனிடம் சொல்லி அங்கிருந்து வரவழைத்து, பிரெஸ் வைத்திருக்கிற ஒரு பயிற்சியாளரிடம் மாற்றிக்கொண்டேன். வில் வாங்குவதற்கு முன்னால் உங்கள் ரேஞ்சில் பிரெஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், பிறகு பிராண்டைப் பற்றிப் பேசலாம்.

ஸ்விட்ச்பேக்கை விற்பீர்களா என்று கேட்டவர்களுக்கு: விற்பேன். வலது கை வில், 28 அங்குல இழுப்பு, கேம் மாற்றித் தர முடியாது. அளவு ஒத்துவந்தால் ஞாயிறு காலை ரேஞ்சுக்கு வந்து ஆறு அம்பு எய்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள். ஹார்னஸைக் கேட்காதீர்கள், தேதி முடிந்துவிட்டது, வெட்டிப் போட்டாயிற்று.