மேனிஃபெஸ்ட்டில் நான் கையால் எழுதிய ஏழு வரிகள்

போன வாரம் பழைய ஆபீஸ் தம்பி ஒருவன் போன் பண்ணினான். "அண்ணா, புது கேம் ஆரம்பிக்கிறோம். ப்ளகின் எல்லாத்தையும் அசெட்ஸ் ஃபோல்டர்லயே போட்டுக்கவா, இல்ல பேக்கேஜ் மேனேஜர் வழியா கொண்டு வரவா?" கேம் செய்யும் யூனிட்டி மென்பொருளில், வேறிடத்தில் இருக்கும் கோட் தொகுப்புகளை (பேக்கேஜ்) வரவழைத்துத் தரும் கருவிதான் பேக்கேஜ் மேனேஜர். அதோடு ஐந்து வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். ஆனாலும் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வாய் வரவில்லை.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். 2018இல் இது வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அசெட்ஸுக்குள் கொட்டுவதுதான் வழக்கம். புது வெர்ஷனைப் பழையதன் தலையிலேயே கொட்டுவோம். புதியதில் தூக்கிவிட்ட ஸ்கிரிப்ட் நம்மிடம் மட்டும் அப்படியே கிடந்து, கம்பைல் ஆகாமல் உயிரை வாங்கும். அந்தத் தொல்லை இப்போது இல்லை. பேக்கேஜ்களின் பட்டியலான மேனிஃபெஸ்ட் ஃபைலைத் திறந்தால் கேம் எதையெல்லாம் நம்பி நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரிகிறது. கோட் சேமிப்பிடமான ரிப்போவும் இளைத்துவிட்டது.

நான் எதிர்பார்க்காத சுகம் ஒன்றும் உண்டு. என் இரண்டு கேம்களுக்கும் சேவ் சிஸ்டம் ஒன்றுதான். அதை வெளியே ஒரு ஃபோல்டரில் வைத்து, இரண்டு மேனிஃபெஸ்ட்டிலும் அதன் பாதையைக் கொடுத்துவிட்டேன். ஓரிடத்தில் திருத்தினால் இரண்டிலும் திருந்துகிறது. இதற்காக மட்டுமே இதைக் கட்டிக்கொண்டு அழலாம்.

இனி அழுகை. பேக்கேஜை கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) முகவரியிலிருந்து நேராக இழுக்க முடியும். முகவரியின் கடைசியில் # போட்டு டேக் பெயரை எழுதினால் அந்த வெர்ஷனே வரும். அருமை. ஆனால் அந்த பேக்கேஜுக்கு இன்னொரு கிட் பேக்கேஜ் தேவைப்பட்டால்? அதன் முகவரியை பேக்கேஜுக்குள் குறித்து வைக்க வழியே இல்லை. அங்கே பெயரும் வெர்ஷன் எண்ணும் மட்டும்தான் செல்லும், கிட் முகவரி ப்ராஜெக்ட்டின் மேனிஃபெஸ்ட்டில் மட்டும்தான். இது கோளாறு இல்லை, ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கும் விதி. டிபெண்டன்சியை, அதாவது ஒன்று நம்பி நிற்கும் இன்னொன்றை, பார்த்துக்கொள்ளத்தான் இதை வேலைக்கு வைத்தேன். டிபெண்டன்சியின் டிபெண்டன்சியை நானே பார்க்க வேண்டியிருக்கிறது. என் மேனிஃபெஸ்ட்டில் ஏழு வரிகள் அப்படி வந்தவை. ஏழும் நான் நேரடியாகத் தொடாத பேக்கேஜ்கள்.

ரிலீஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது உரையாடல் பேக்கேஜ் ஒன்றைப் புது வெர்ஷனுக்கு ஏற்றினேன். கன்சோல் சிவந்தது. இந்த மெத்தடைக் காணோம், அந்த மெத்தடைக் காணோம் என்று நாற்பது எரர். அந்த பேக்கேஜைத் திட்டியபடியே இரண்டு மணி நேரம் அதற்குள் தோண்டினேன். குற்றவாளி அது இல்லை. அது நம்பி நிற்கும், அனிமேஷனுக்கான ட்வீன் பேக்கேஜ். புதியதற்கு 2.0 வேண்டும், என் கையால் எழுதிய வரியில் 1.4 டேக். ப்ராஜெக்ட்டில் கிட் முகவரி கொடுத்திருந்தால் பேக்கேஜ் மேனேஜர் அதையே எடுத்துக்கொள்ளும், எண் போதுமா என்று கேட்காது. ரீட்மீயில் எழுதியிருந்தார்கள்தான். ரிலீஸ் வாரத்தில் ரீட்மீயை யார் படித்தார்கள்?

(என் சொந்த பேக்கேஜிலும் ஒருமுறை மானம் போனது. ஒவ்வொரு ஃபைலுக்கும் யூனிட்டி வைக்கும் துணை ஃபைல்தான் மெட்டா. ஒரு ஸ்கிரிப்ட்டின் மெட்டா ஃபைலை கிட்டில் பதிய (கமிட் செய்ய) மறந்துவிட்டேன். அசெட்ஸில் இருந்திருந்தால் எடிட்டரே உருவாக்கிக்கொள்ளும். இறக்கிய பேக்கேஜ்கள் கிடக்கும் கேஷ் ஃபோல்டர் தொடக்கூடாத இடம் என்பதால், மெட்டா இல்லாத ஃபைலை ஒரு எச்சரிக்கையோடு ஒதுக்கிவிடுகிறது. என் மெஷினில் ஓடியது, வேறெங்கும் ஓடவில்லை.)

ஓப்பன்யூபிஎம் பற்றிச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். யூனிட்டி பேக்கேஜ்களுக்காகச் சமூகமே நடத்தும் ரெஜிஸ்ட்ரி (பேக்கேஜ் கிடங்கு) அது. மேனிஃபெஸ்ட்டில் ஸ்கோப்டு ரெஜிஸ்ட்ரியாகச் சேர்த்துவிட்டால், அதில் இருக்கும் பேக்கேஜ்களுக்குள் யாருக்கு யார் வேண்டும் என்பதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறது. என் ஏழில் நான்கு அங்கே போய்விட்டன. மீதி மூன்றும் பிரைவேட் ரிப்போ. அவற்றுக்காகச் சொந்தமாக ஒரு ரெஜிஸ்ட்ரி சர்வர் நடத்த எனக்குத் தெம்பில்லை.

தம்பியிடம், "மூணு பேர், நாலு மாச கேம். பேசாம அசெட்ஸ்லயே போட்டுட்டு வேலையைப் பாரு" என்றேன். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது எனக்கே இடிக்கிறது. ஆனால் அன்று காலைதான் கேமைத் தொகுத்து எடுக்கும் பில்ட் மெஷினில் கிட் இன்ஸ்டால் ஆகவில்லை என்று பில்ட் விழுந்திருந்தது. பேக்கேஜ் மேனேஜருக்கு கிட் கூடவே வேண்டும். மெஷினை மாற்றியதும் நான், மறந்ததும் நான்.

"அப்போ நீங்களும் மாத்திட்டீங்களா அண்ணா?"

"இல்லடா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி, உங்க மேனிஃபெஸ்ட் ஃபைலை அனுப்புங்க" என்றான். லாக் ஃபைலையும் சேர்த்து அனுப்பினேன். கிட் பேக்கேஜ் ஒவ்வொன்றும் எந்தக் கமிட்டில் நிற்கிறது என்பது அதில்தான் இருக்கிறது.