எந்தப் பரிசோதனைக்குக் கை நீட்டுவது?

கொழும்பில் வேலை செய்யும் அக்காள் மகன் போன மாதம் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, சின்ன மாமாவுக்கு இரத்தத்தில் குளுட்டமேட் பார்த்தீர்களா? மருந்து வேலை செய்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடுமாமே."

சின்ன மாமா என்பது என் தம்பி. உளச்சிதைவு நோய், இப்போது குளோசாபின் குடிக்கிறான். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு அவனை அழைத்துப் போனால் எனக்குப் பாடசாலையில் ஒரு நாள் லீவு. தங்கையும் கூட வந்தால் அவளுக்கு ஒரு பேர், அதாவது தோட்டத்து ஒரு நாள் சம்பளம், போய்விடும். ஆகவே ஊசி குத்துவதற்கு முன் கணக்குப் பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு.

முதலில் குளுட்டமேட், மூளை அணுக்கள் ஒன்றோடொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் இரசாயனம். மருமகன் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. நாம் பல காலமாகக் கொடுக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் டோபமின் என்ற இன்னொரு மூளை இரசாயனத்தைத்தான் தடுக்கின்றன. ஆனால் மயக்க மருந்தான கெட்டமின், மூளை அணுக்களில் குளுட்டமேட் திறக்கும் என்எம்டிஏ என்ற வாயிலை அடைக்கும்போது, நல்ல மனிதருக்கும் சிறிது நேரம் உளச்சிதைவு போன்ற குழப்பம் வருகிறது. 1980இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரில் குளுட்டமேட் குறைவாக இருப்பதாக எழுதினார்கள்; பின்னால் வந்தவர்கள் எல்லோருக்கும் அது கிடைக்கவில்லை. இரத்தத்தில் பார்த்தவர்களுடைய முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. சிலருக்குக் கூடுதல், சிலருக்கு வித்தியாசமே இல்லை. சிகிச்சைக்குப் பின்னான மாற்றமும் அப்படித்தான்.

காரணம் புரியாததல்ல. மூளைக்கும் இரத்தத்திற்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் குளுட்டமேட் தசை, கல்லீரல், சாப்பாடு எல்லாவற்றின் கணக்கு. போதாததற்கு, எடுத்த இரத்தத்தை உடனே சுழற்றிப் பிரிக்காவிட்டால் அணுக்களுக்குள் இருக்கும் குளுட்டமேட்டும் வெளியே கசிந்து அளவு ஏறிவிடும். எங்கள் பக்கத்தில் இரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய் நோர்வூட், டிக்கோயா என்று வளைவு வளைவாகக் குலுங்கிப் போய்ச் சேர்வதற்குள் எந்த எண் நிற்கும்? குளுட்டமேட் வழியாக வேலை செய்ய வேண்டிய மருந்துகளும் கைகொடுக்கவில்லை: போமாகுளூமெட்டாட் 2012இலும், பிட்டோபெர்ட்டின் 2014இலும் பெரிய சோதனைகளில் தோற்றன. ஆராய்ச்சிக்கூடத்திற்கு அது நல்ல கேள்வி. கிளினிக் வரிசையில் நிற்கும் தம்பியின் மருந்தை அதை வைத்து எந்த வைத்தியரும் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை.

அடுத்தது, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை. அறிவுக்கு விருந்து எதுவும் இல்லாத பரிசோதனை, ஆனால் உயிர் காக்கும். 1975இல் பின்லாந்தில் குளோசாபின் குடித்த சிலர் வெள்ளணு வற்றி இறந்தார்கள். மருந்தையே பல நாடுகள் ஒதுக்கின. 1988இல் அமெரிக்காவில், வேறு மருந்துகளுக்கு அசையாதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஆறு வாரத்தில் 30 வீதத்தினர் தேறினார்கள். பழைய மருந்தான குளோர்புரோமசினில் தேறியது 4 வீதம். அதனால்தான் மருந்து திரும்பி வந்தது, கூடவே இந்த இரத்தப் பரிசோதனையும். முதல் 18 வாரம் வாரம் தவறாமல் போனோம். லீவெல்லாம் அதிலேயே கரைந்தது, வருத்தமில்லை. வெறும் வயிற்றுச் சீனியும் எடையும் இதோடு சேர்த்தி. இந்த மருந்து இரண்டையும் ஏற்றிவிடும்.

மூன்றாவதற்கு ஊசியே வேண்டாம். தங்கையின் கொப்பி. நாற்பது பக்க ஒற்றைறூள் கொப்பியில் தினமும் ஒரு வரி: தூங்கினானா, குரல் கேட்டதா, குளித்தானா, வெளிக்குப் போனானா. கடைசியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். குளோசாபினால் குடல் அடைத்துச் செத்தவர்களும் உண்டு.

மாரியம்மன் திருவிழாவுக்கு விரதம் என்று தம்பி பீடியை நிறுத்தினான். நாங்கள் எல்லோரும் மகிழ்ந்துபோனோம். ஐந்தாம் நாள் கொப்பியில், "பகலிலும் தூக்கம். தலையணை எச்சிலில் நனைந்திருக்கிறது" என்று எழுதியிருந்தாள். கிளினிக்கில் அந்த வரியைக் காட்டியதும் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "புகைப்பதை நிறுத்தினாரா?" பீடிப் புகை குளோசாபினைக் கல்லீரலில் வேகமாகக் கரைக்க வைக்குமாம், புகை நின்றால் அதே மாத்திரை உடம்பில் தேங்கிக் கூடுதலாகிவிடும். அளவைக் குறைத்தார். வெள்ளணு அன்றும் சரியாகத்தான் இருந்தது.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்படியென்றால் குளுட்டமேட் வேண்டாமா, மாமா?" என்றான். "வேண்டாம். அடுத்த முறை வரும்போது இரண்டு கொப்பி வாங்கி வா" என்றேன்.