கோர்னிஸ் முதல் ஸ்கேர்ட்டிங் வரை: கடலோரத் தொடர்மாடியில் மோல்டிங் எப்படித் தாக்குப்பிடிக்கிறது

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கம் பார்த்த ஒரு தொடர்மாடியில் இருக்கிறது. 2019இல் உள்வேலை செய்தபோது சுவர், சீலிங், கதவு ஓரங்களுக்கு மோல்டிங், அதாவது அலங்காரப் பட்டி, போட்டோம். ஹோலில் சுவரும் சீலிங்கும் சேரும் ஓரத்துக்கு ஜிப்சம் கோர்னிஸ், கடலைப் பார்த்த அறைகளுக்கு பி.யு. என்று கடைகளில் சொல்லும் பொலியூரிதேன் மோல்டிங், கதவுகளைச் சுற்றித் தேக்கு பீடிங், அதாவது ஒடுக்கமான மரப்பட்டி. தரையோரம் ஓடும் ஸ்கேர்ட்டிங் மட்டும் வீட்டோடு வந்தது, கட்டியவர்கள் எம்.டி.எஃப். பலகையில் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆக ஒரே வீட்டில் நாலு பொருள், எல்லாவற்றுக்கும் அதே கடற்காற்று. இத்தனை வருடத்தில் எது நின்றது, எது கழன்றது என்று சொல்லுமளவுக்குப் பார்த்துவிட்டேன்.

புதிதாகப் போடப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எந்த டிசைன் வடிவு?" என்பதுதான். கொழும்பில் அதை மூன்றாவதாகக் கேட்டால் போதும். அந்தச் சுவருக்குத் தண்ணி வருமா, அந்த அறையில் ஏ.சி. ஓடுமா என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே காற்றின் ஈரப்பதன் வருடம் முழுக்க 75, 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. அதனால் பொருளை வீட்டுக்கு ஒன்றாக எடுக்காமல் அறைக்கு அறை பார்த்து எடுங்கள். வெள்ளைப் பெயின்ட் அடித்த பிறகு எது ஜிப்சம், எது பி.யு. என்று வருகிற விருந்தாளிக்குத் தெரியவே தெரியாது.

கெட்டதிலிருந்தே தொடங்குகிறேன். எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. முகப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், பெயின்ட் அழகாகப் பிடிக்கும். ஆனால் வெட்டிய ஓரம் தண்ணியை உறிஞ்சும். நம் வீடுகளில் தரையைத் தினமும் ஈரத்துணியால் துடைப்போம். அந்த ஈரம் நேராக ஸ்கேர்ட்டிங்கின் அடி ஓரத்துக்குத்தான் போகிறது. பாத்ரூம் வாசலிலும் குசினிப் பக்கமும் முதலில் அடி உப்பியது, பிறகு தேத்தண்ணியில் நனைத்த விசுக்கோத்து மாதிரிப் பொருமிவிட்டது. உப்பிய எம்.டி.எஃப். காய்ந்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. தேய்த்துப் புட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பதெல்லாம் அடுத்த மழைவரைக்கும்தான். உள்ளே பச்சை நிறம் தெரியும் ஈரம் தாங்கும் வகையும் இருக்கிறது. அது கொஞ்சம் அதிகம் தாங்கும், அவ்வளவுதான். தண்ணிக்குள் நிற்கும் பலகை கிடையாது. அந்த இடங்களில் எல்லாம் கழற்றிவிட்டு, தரையில் பதித்த அதே டைல்ஸை நாலு அங்குல அகலத்துக்கு வெட்டி ஒட்டினோம். வளைவு நெளிவு ஒன்றும் இல்லை, பார்ப்பதற்குச் சாதாரணம். ஆனால் துடைக்கிறவருக்கு நிம்மதி.

இதை வைத்து எம்.டி.எஃப்.பே கூடாது என்று சொல்லமாட்டேன். பிள்ளையின் அறையில், வெளிச்சுவரோ பாத்ரூம் சுவரோ இல்லாத ஒரு நடுச்சுவரில், மெல்லிய எம்.டி.எஃப். பீடிங்கால் சதுரச் சதுரமாக ஃபிரேம் அடித்திருக்கிறோம். இன்றைக்கும் ஒரு மயிரிழைகூட விலகவில்லை. செலவும் மிகக் குறைவு. சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அது நல்ல பொருள்தான்.

ஹோலின் ஜிப்சம் கோர்னிஸ்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜிப்சக் கல்லை ஏறத்தாழ 150 பாகை செல்சியஸில் சூடாக்கினால் அதில் கட்டுண்ட நீரில் முக்கால் பங்கு போய்விடும். அந்தத் தூள்தான் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ். மறுபடி தண்ணி விட்டால் நிமிடக் கணக்கில் இறுகித் திரும்பக் கல்லாகிறது. அச்சில் வார்த்த துண்டுகளைக் கொண்டுவந்து ஒட்டி, இணைப்புகளை அதே கலவையால் பூசித் தேய்த்துவிட்டால் ஹோல் முழுக்க ஒரே துண்டாகத் தெரியும். மர மோல்டிங்கிலோ பி.யு.விலோ இந்தத் தொடர்ச்சி கிடைப்பது கஷ்டம். எங்களுக்கு வேலை செய்தவர் ஹட்டன் பக்கத்துக்காரர். ஒட்டிய துண்டு இறுகும்வரை தாங்கிப்பிடிக்க நான் வாங்கி வைத்திருந்த சாதாரணக் கம்பி ஆணியைப் பார்த்துவிட்டு, "இதையா அடிக்கச் சொல்றீங்க அக்கா? கடல் காத்துக்கு ஆறு மாசத்துல துரு வெளிய எட்டிப் பாக்கும்" என்று ஓரமாக வைத்துவிட்டார். நாகம் பூசிய ஆணியை அவரே கொண்டுவந்தார். அவர் சொன்னது கடற்காற்றுக்கு மட்டுமல்ல, ஜிப்சத்துக்கும் பொருந்தும். ஈரப்பட்ட ஜிப்சத்துக்குள் வெறும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், துரு பெயின்டைத் தாண்டிப் புள்ளி புள்ளியாக வெளியே வரும்.

ஈரக்காற்று ஜிப்சத்தை ஒன்றும் செய்வதில்லை. ஒழுக்குத்தான் எதிரி. ஒரு லீட்டர் தண்ணி சுமார் 2 கிராம் ஜிப்சத்தைக் கரைக்கும். கேட்க அற்பமாக இருக்கும். ஒரே இடத்தில் விடாமல் சொட்டினால் பூவேலையின் கூர்மை போய், பிறகு துண்டே இளகிவிடும். மேல்வீட்டுக் குழாய் ஒன்று கசிந்து எங்கள் ஹோல் மூலையில் பழுப்புக் கறை இறங்கியது, ஒரு துண்டு கையோடு வந்தது. இங்கேதான் ஜிப்சத்தின் மதிப்பு தெரிந்தது. கசிவை நிறுத்தி, அந்த இடத்தை நன்றாகக் காயவிட்டு, பக்கத்தில் நல்லபடி இருந்த பகுதியிலிருந்தே அந்த ஹட்டன் பாஸ் (வேலைக்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) சிலிக்கனில் அச்சு எடுத்தார். அதில் புதுத்துண்டு வார்த்து ஒட்டினார். கறைக்கு மேல் நேராக எமல்ஷன் அடித்தால் கறை திரும்ப மேலே வரும் என்பதால் முதலில் எண்ணெய் பிரைமர் ஒரு கை, பிறகுதான் எமல்ஷன். இப்போது இணைப்பு எங்கே என்று எனக்கே தேடவேண்டியிருக்கிறது.

சரி, பி.யு. கடலைப் பார்த்த அறைகளுக்கு அதைப் போட்டதற்குக் காரணம் எளிது: தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர்வரை அந்தச் சுவர்களில்தான் சாரல் அறைகிறது. யன்னல் மூடியிருந்தாலும் சுவரின் உள்முகத்தில் ஈரம் தெரியும். பி.யு. மூடிய நுண்ணறைகள் கொண்ட நுரை. தண்ணியை உறிஞ்சாது, உக்காது, கறையானுக்கு அதில் சாப்பிட ஒன்றும் இல்லை. எட்டடித் துண்டை ஒருவரே தூக்கிப் பிடிக்கலாம். இத்தனை பருவமழைக்குப் பிறகும் மோல்டிங்கில் ஒரு கறை இல்லை. சுவர்ப் பெயின்ட் உரிந்து இரண்டாவது தரம் அடித்தாயிற்று, மோல்டிங் அப்படியே நிற்கிறது.

குறைகளும் உண்டு. மேற்கு வெயில் விழும் பக்கம் சில இணைப்புகளில் மயிரிழை வெடிப்பு வந்தது. துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் அதற்கென்று விற்கும் இணைப்புப் பசையை வைக்காமல், வெறும் ஃபில்லரால் நிரப்பிய இடங்களில்தான் வந்தது. பசை வைத்த இடங்களில் வரவில்லை. பெயின்ட் அடிக்காமல் விட்டால் வெயிலில் மஞ்சளாகும், ஆகவே "வெள்ளையாகத்தானே வருகிறது, இப்படியே விடலாம்" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு பெயின்ட் அடியுங்கள். சுண்ணாம்பு அடித்த பழைய சுவரில் நேரடியாக ஒட்டவும் கூடாது. பசை சுண்ணாம்புத் தோலைத்தான் பிடிக்கும், தோலோடு மோல்டிங்கும் கழன்று வரும். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவர்கள் சுவரைச் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகுதான் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு குறை, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. பி.யு. இறக்குமதிச் சரக்கு. 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன, 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 பக்கம் போனது. அலுமாரி ஏற்றும்போது இடிபட்ட ஒரு நீளத்தை மாற்ற, ஹார்ட்வெயார் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவில் அலைந்தேன். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வெட்டுமுகமே, அதாவது குறுக்கே வெட்டினால் தெரியும் அந்த வளைவு வடிவமே, யாரிடமும் இல்லை. கடைசியில் கதவுக்கு மேலே கண்ணில் படாத இடத்துத் துண்டைக் கழற்றி இங்கே வைத்து, அங்கே வேறொன்றைப் பொருத்தினோம். பி.யு. வாங்குகிறவர்கள் அறைக்கு ஒரு முழு நீளம் கூடுதலாக வாங்கி அலுமாரிக்கு மேல் போட்டு வையுங்கள். ஜிப்சத்துக்கு அந்தக் கவலை இல்லை. கண்முன்னால் ஒரு நல்ல துண்டு இருந்தால் அச்சும் கூடவே இருக்கிறது.

தேக்கு பீடிங் பற்றிச் சொல்வதென்றால் மரத்தின் குற்றம் கொஞ்சம், ஏ.சி.யின் குற்றம் அதிகம். மரம் காற்றைப் பார்த்து ஈரம் எடுக்கும், ஈரம் விடும். வெளிக்காற்றின் 80 சதவீத ஈரப்பதனில் மரத்துக்குள் 16 சதவீதம் அளவு ஈரம் தங்கும். நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையில் அது 9, 10க்கு இறங்கிவிடும். நாலு அங்குல அகலப் பலகைக்கு அது ஒரு மில்லிமீற்றர் அளவு சுருக்கம். நீளவாட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, அகலவாட்டில்தான் எல்லாம். அதனால் 45 பாகையில் வெட்டிச் சேர்த்த மூலை உள்பக்கமாக வாய் பிளக்கும். எங்கள் படுக்கையறைக் கதவில் உள்பக்க பீடிங் எல்லாம் பிளந்தது, அதே கதவின் ஹோல் பக்கம் இறுக்கமாக இருக்கிறது. மொறட்டுவையிலிருந்து வந்த தச்சுவேலைக்காரர் பிறகு மூலைகளில் சிறு சதுரக் கட்டைகள் வைத்து, பீடிங்கை அவற்றில் முட்டும்படி நேராக வெட்டிப் பொருத்தினார். இப்போது சுருங்கினாலும் விரிந்தாலும் கண்ணில் படுவதில்லை. பார்ப்பதற்குப் பழைய பங்களாக் கதவு மாதிரி இருக்கிறது, எனக்கு முன்னையதைவிட இதுதான் பிடிக்கிறது. மரம் எடுக்கும்போது வெளிறிய ஓரப்பகுதி இருந்தால் திருப்பிக் கொடுங்கள். தேக்கின் உள்வைரம்தான் கறையானை எதிர்க்கும், வெளிறிய பகுதிக்கு அந்தப் பலம் இல்லை.

வெள்ளை ரெஜிஃபோம் என்று எல்லோரும் சொல்லும் பொலிஸ்டைரீன் கோர்னிஸும் சந்தையில் உண்டு. மிக மலிவு. தும்புத்தடியின் கைபட்டால் பள்ளம் விழும், தின்னர் கலந்த பசை பட்டால் கரையும், தீப்பிடித்தால் கரும்புகையோடு எரியும். குசினிக்கும் சுவாமி அறைக்கும் கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.

வெட்டுமுகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காலி வீதி பஸ் புகையும் கடல் உப்பும் சேர்ந்த கறுப்புத் தூசு ஒன்று எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் படியும். பூவேலைப் பள்ளங்களுக்குள் போனால் அது வராது. ஈரத்துணி போட்டால் சேறாகிப் பரவும். பெயின்டர் பிரஷ் ஒன்றைக் காயவைத்து அதற்கென்றே வைத்திருக்கிறோம். சுவாமி அறையில் விளக்குக் கரியும் சாம்பிராணிப் புகையும் கோர்னிஸின் அடிப்பக்கத்தில்தான் முதலில் படிகின்றன. மாமிக்குப் பூவேலை வேண்டும், எனக்கு வேண்டாம். கடைசியில் சுவாமி அறையில் மட்டும் அவர் கேட்ட தாமரை இதழ் வரிசை போட்டோம். வருடாவருடம் அங்கே மட்டும் தனியாகக் கழுவிப் பெயின்ட் அடிப்பது என் கணவர் பொறுப்பு.

அளவும் அப்படித்தான். 1877இல் திறந்த நூதனசாலைக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்து அந்த மாதிரி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அங்கே கூரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாலே விளங்கும். நமக்குக் கிடைப்பது ஒன்பதடி. அதில் மூன்றரை, நாலு அங்குலத்துக்கு மேல் கோர்னிஸ் போனால் அறை குட்டையாகிவிடும். மூலைகளும் பெரும்பாலான வீடுகளில் சரியாக 90 பாகை இருப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு 45இல் வெட்டும் ஆளைவிட, ஒரு துண்டைச் சுவர்வரை விட்டு, மற்றத் துண்டின் நுனியை அதன் வளைவுக்கேற்பச் செதுக்கிப் பொருத்தும் ஆளைத் தேடுங்கள். கூலி கூடத்தான், ஆனால் வெடிப்புக்கு வருடாவருடம் சீலன்ட் பிதுக்கும் வேலை மிச்சம்.

இப்போது தெஹிவளையில் தங்கச்சி வீட்டில் வேலை தொடங்க இருக்கிறார்கள். பழைய வீடு, சீலிங் முழுக்க அஸ்பெஸ்டஸ் தகடு, இணைப்புகளில் மரச்சட்டம். கோர்னிஸ் ஆளைக் கூட்டிவந்தால் முதல் வேலையாக அதில் துளை போடத்தான் பார்ப்பார். அஸ்பெஸ்டஸை அறுத்தாலும் துளைத்தாலும் தேய்த்தாலும் அதன் நார் காற்றில் கலக்கும், நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகக் கூடியது. அதனால் சீலிங்கைத் தொடுவதில்லை என்று முடிவு. சீலிங்குக்கு ஓரடி கீழே சுவரில் மட்டும் பிடிக்கிற மாதிரி ஒடுக்கமான பி.யு. வரி ஒன்று ஓடவிட்டு, அதற்கு மேல் சீலிங் நிறத்தையே சுவரிலும் இறக்கி அடிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அவளுக்கு ஜிப்சம்தான் ஆசை. ஓட்டில் ஒழுக்கு இருக்கிறதா என்று ஒக்டோபர், நவம்பர் மழை காட்டட்டும், அதுவரைக்கும் ஒன்றும் ஓடர் கொடுக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.