எடை குறைந்த வேட்டை ரைஃபிள் என்று சொல்லி 2,850 டாலரைப் பறித்துவிட்டார்கள்: இணையத்தில் வாங்குவோர் கவனத்திற்கு

கொலராடோவில் மலை வேட்டைக்குச் செல்லத் தொடங்கியுள்ள நண்பர்கள் சிலர், மிகவும் எடை குறைந்த ரைஃபிளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தார்கள். விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள், பயன்படுத்திய துப்பாக்கிகளை உரிமையாளர்களின் சார்பில் விற்றுத் தரும் ஓர் இணையக் கடை, என்னிடம் 2,850 டாலரை வாங்கிக்கொண்டு வேறொரு பொருளைத் தலையில் கட்டிவிட்டு, நேற்று மாலை "இந்த விவகாரம் முடிந்துவிட்டது" என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. ஆகவே முதலில் நடந்ததை எழுதுகிறேன். தேர்வு பற்றிய யோசனைகளை இறுதியில் சொல்கிறேன்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது, சான் யுவான் மலைகளில் உள்ள வெமினுச் போன்ற காப்புக் காட்டுக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய காடுகளுக்குள் மோட்டார் வாகனம் எதுவும் செல்லக் கூடாது. எல்க் மான்கள் இருக்கும் 11,000 அடி, 12,000 அடி உயரத்திற்குக் கூடாரம், உணவு, தண்ணீர், துப்பாக்கி எல்லாவற்றையும் முதுகிலோ குதிரையிலோதான் கொண்டு செல்ல வேண்டும். வேட்டை கிடைத்துவிட்டால், வளர்ந்த ஓர் ஆண் எல்க்கின் எலும்பு நீக்கிய இறைச்சி மட்டுமே ஏறத்தாழ 200 பவுண்டு இருக்கும். அதையும் பல நடைகளில் சுமந்து இறங்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி உண்டு. குறிபார்க்க உதவும் தொலைநோக்கியான ஸ்கோப்பைப் பொருத்தினால் எட்டு, ஒன்பது பவுண்டு வரும் வழக்கமான ரைஃபிளிலிருந்து, ஸ்கோப் இல்லாமல் ஐந்து பவுண்டை ஒட்டி நிற்கும் ரைஃபிளுக்கு மாற நினைத்ததற்கு அதுவே காரணம்.

இந்த எடைக்குறைப்பு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொன்னால்தான் ஏமாற்று எங்கே நடந்தது என்பது விளங்கும். குழலை ஓரளவுக்கு மேல் மெல்லியதாக்கினால் சில தோட்டாக்களிலேயே சூடேறி, குண்டுகள் சிதறத் தொடங்கும். 1980களில் மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்ற துப்பாக்கிக் கலைஞர், குழலை அளவுக்கு மீறி இழைக்காமல், தோளில் ஏந்தும் கட்டையையே கெவ்லர் என்ற வலுவான செயற்கை இழையாலும் கார்பன் இழையாலும் செய்து எடையைக் குறைத்துக் காட்டினார். இன்று சந்தையில் உள்ள நல்ல இலகு ரைஃபிள்கள் பலவும் அந்த வழியில் வந்தவையே. அதாவது, நாம் கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு டாலரில் பெரும்பங்கு அந்தத் தோள்கட்டைக்குத்தான் போகிறது. அந்தக் கட்டையைத்தான் மாற்றி வைத்திருந்தார்கள்.

விளம்பரத்தில் கார்பன் இழைக் கட்டை, 5 பவுண்டு 2 அவுன்சு, சுட்டது 60 தோட்டாக்களுக்கும் குறைவு, விலை 2,850 டாலர் என்று எழுதியிருந்தார்கள். நான் எழுத்தை மட்டும் நம்பவில்லை, தொலைபேசியில் அழைத்தேன். பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். தாமும் இதே போன்ற ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் மலைப் பகுதியில் எல்க் தேடி நடந்ததாகச் சொன்னார். எந்தப் பக்கம் ஏறினார், காற்று எப்படித் திரும்பியது, முதல் பனி எப்போது விழுந்தது என்றெல்லாம் விவரித்தார். மலை நடந்த மனிதரின் பேச்சு அது. என் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். கைத்தடி பிடித்து இறங்கும் முறையைக்கூடச் சொல்லித் தந்தார். எடையை நீங்களே நிறுத்தீர்களா என்று கேட்டதற்கு, "இதோ, இப்போது தராசின் மேல்தான் இருக்கிறது, ஐந்து பவுண்டு இரண்டு அவுன்சு" என்று பதில் வந்தது. பொருளைக் கையில் வாங்கிய பிறகு மூன்று நாள் சோதித்துப் பார்க்கலாம், சுடாமல் இருந்தால் திருப்பி அனுப்பலாம் என்றும் சொன்னார். கடன் அட்டைக்கு மூன்று சதவீதம் கூடுதல் கட்டணம், காசோலைக்கு இல்லை என்றார். வங்கிக் காசோலையாக 2,850 டாலரை அனுப்பினேன்.

ரைஃபிள் எங்கள் ஊரில் உள்ள உரிமம் பெற்ற கடைக்கு வந்தது. துப்பாக்கி வாங்குவோர் கடையில் நிரப்ப வேண்டிய 4473 என்ற அரசுப் படிவத்தை நிரப்பினேன். 2023 அக்டோபர் 1 முதல் கொலராடோவில் பின்னணிச் சோதனை தொடங்கிய பிறகு குறைந்தது மூன்று நாள் காத்திருந்துதான் துப்பாக்கியைக் கையில் பெற முடியும். காத்திருந்து, பெற்று, வீட்டுத் தராசில் வைத்தேன். 6 பவுண்டு 1 அவுன்சு. சொன்னதைவிட 15 அவுன்சு அதிகம். கட்டையைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே கருப்பு பிளாஸ்டிக் தெரிந்தது; மேலே கார்பன் நெசவு போன்ற வடிவத்தைப் படலமாக ஒட்டியிருந்தார்கள். திரும்பப் பொருத்திவிட்டு, குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையில் ஒரு டாலர் தாளை நுழைத்துப் பார்த்தேன். குழல் எதையும் தொடாமல் தனித்து நிற்கும் வகையில் செய்யப்பட்ட ரைஃபிளில் அந்தத் தாள் தடையின்றி வழுக்கிச் செல்ல வேண்டும். இதில் பாதியிலேயே சிக்கி நின்றது. துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் நுண்கேமராவைக் குழலுக்குள் விட்டுக் காட்டினார். தோட்டா அமரும் அறையைத் தாண்டிக் குழல் தொடங்கும் இடம் முழுவதும் வெப்பத்தால் வறண்ட குளத்துச் சேறு போல வெடித்துக் கிடந்தது. அறுபது தோட்டாவில் ஒரு குழல் இந்த நிலைக்கு வராது என்றார்.

அன்றே அழைத்தேன். அந்த எடை தயாரிப்பாளர் கொடுத்த எண் என்றார்கள். தராசின் மேல் இருப்பதாகச் சொன்னீர்களே என்று கேட்டதற்கு, அவ்வாறு பேசியவர் இப்போது எங்களிடம் வேலை செய்யவில்லை என்றார்கள். படங்கள் மாதிரிக்காக இடப்பட்டவை என்றார்கள். பிறகு சோதனைக்காலம் முடிந்துவிட்டது என்ற வாதம் வந்தது. ரைஃபிள் கடைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்தே மூன்று நாளை எண்ணினார்களாம். மாநிலச் சட்டம் என்னைக் காத்திருக்கச் சொன்ன அதே நாட்கள் அவை! தொலைபேசியில் "கையில் வாங்கிய பிறகு" என்று சொன்னதை நினைவூட்டியதும், திருகுகளைக் கழற்றியதால் பொருள் மாற்றப்பட்டதாகக் கருதப்படும் என்றார்கள். அதற்கும் விடாமல் எழுதினேன். முன்னாள் உரிமையாளருக்குப் பணம் பட்டுவாடா செய்யப்பட்டுவிட்டது, அவரது பெயரை வெளியிட இயலாது என்று பதில் வந்தது. அடுத்த பதில்தான் நேற்று வந்த ஒற்றை வரி.

பணம் போனது வலிக்கிறது. 2,850 டாலர் என் குடும்பத்திற்குச் சிறு தொகை அன்று. அதைவிடக் கொதிப்பது, என் முழங்காலைப் பற்றி அவ்வளவு பரிவாகக் கேட்டுக்கொண்டே அந்த மனிதர் இல்லாத தராசில் இல்லாத எடையைப் படித்துச் சொன்னார் என்பது. மேலும், எல்க் போன்ற பெரிய விலங்கைச் சரியான இடத்தில் அடித்து வலியின்றி வீழ்த்துவது வேட்டைக்காரனின் முதல் கடமை. குழல் வெந்து, கட்டை குழலை முட்டும் ரைஃபிளை நல்லது என்று விற்பவர், காயத்தோடு ஓடி எங்கோ பள்ளத்தில் விழுந்து சாகும் விலங்கைப் பற்றிக் கவலைப்படவில்லை.

தேர்வு பற்றி எழுதுவதாகச் சொன்னேன். இன்றைய மனநிலையில் இவ்வளவுதான் முடிகிறது. இணையத்தில் வாங்கிய ரைஃபிளை, கடையில் 4473 படிவத்தைத் தொடும் முன்பே மேசையில் வைத்துப் பாருங்கள்; படிவமும் கைமாற்றமும் முடிந்த பிறகு உங்கள் பேச்சு எடுபடாது. பெட்டிகளைத் தூக்கி நிறுக்கும் சிறு தராசைக் கூடவே கொண்டு போங்கள். தராசின் மேல் ரைஃபிள் இருக்கும் படத்தை, அன்றைய தேதி எழுதிய தாளுடன், முன்கூட்டியே கேளுங்கள், தயங்குபவரிடம் வாங்காதீர்கள். சோதனைக்காலம் எந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது என்பதை எழுத்தில் பெறுங்கள். மூன்று சதவீதம் போனாலும் அட்டையில் செலுத்துங்கள், வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். எடை குறையக் குறையத் தோளில் உதை கூடும் என்பதால், வெடிமருந்து அதிகமுள்ள பெரிய மேக்னம் தோட்டாக்களை விட்டு, உதை குறைந்த 7 எம்எம்-08, 6.5 கிரீட்மோர் போன்ற தோட்டா வகைகளைப் பாருங்கள். குழல் வகைகளைப் பற்றியும் ஸ்கோப் பற்றியும் பிறகு எழுதுகிறேன்.

அதே படங்களுடன் அந்தக் கடையில் இன்று காலை இன்னொரு விளம்பரம் வந்திருக்கிறது, மீண்டும் 5 பவுண்டு 2 அவுன்சு என்றே. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கு அனுப்ப வேண்டிய புகாரில் அதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.