தகடு தேறியது, மூட்டு தேய்ந்தது: மலிவு ரியர்செட்டோடு 26,000 கிலோமீட்டர்

ரியர்செட் என்பது பைக்கின் கால் கட்டை, பிரேக் பெடல், கியர் லிவர் எல்லாவற்றையும் கொஞ்சம் உயர்த்திப் பின்னால் தள்ளி வைக்கும் கிட். 2023 தைப்பூசக் காவடிக்கு இரண்டு வாரம் முன்னால் அதை மாட்டினேன். அதற்கப்புறம் 26,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மாட்டிய அன்றே எழுதியிருந்தால் ஆகா ஓகோ என்று எழுதியிருப்பேன். மூன்றாம் நாள் எழுதியிருந்தால் தூக்கிப் போடச் சொல்லியிருப்பேன். அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்தேன்.

வண்டி கவாசாகி நிஞ்சா 300. 296 சிசி, இரட்டை சிலிண்டர், ஆறு கியர். 2019இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செகண்ட் ஹாண்டாக வாங்கியது. நான் கோயில்களுக்குச் சுதை வேலை செய்பவன். இருப்பது சாட்ஸ்வர்த்தில். ஒரு மாதம் வெருலத்தில் கோபுர வேலை, அடுத்த மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கருவறை விமான வேலை என்று ஊர் ஊராக ஓடுகிறவனுக்கு இந்த வண்டி தேவையே இல்லை, ஒரு பழைய பக்கி போதும். ஆசை, அவ்வளவுதான். (பிக்கப் வண்டியை இங்கே பக்கி என்பார்கள். சிக்னலுக்குப் பெயர் ரோபோ. வந்த புதிதில் 'ரோபோவில் இடது பக்கம் திரும்பு' என்று ஒருவர் வழி சொன்னதும் நான் பொம்மையைத் தேடினேன்.)

ரேஸ் ஓட்டும் எண்ணத்தில் ரியர்செட் போடவில்லை. 2022 கடைசியில் மணல் கிடந்த ஒரு திருப்பத்தில் வண்டி வலது பக்கம் சாய்ந்தது. கால் வைக்கும் கட்டையைத் தாங்கும் வார்ப்பு அலுமினிய பிராக்கெட் விரிசல் விட்டுவிட்டது, பிரேக் பெடல் வளைந்துவிட்டது. ஒரிஜினல் பிராக்கெட், பெடல், கட்டை மூன்றுக்கும் விசாரித்தால் 4,000 ராண்டுக்கு மேல் சொன்னார்கள். அதே நேரத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து முழு ரியர்செட், தபால் செலவோடு 1,600 ராண்ட் என்று இணையத்தில் கிடந்தது. சுங்கம், 15 சதவீத வாட், கூரியர்காரரின் கட்டணம் எல்லாம் சேர்ந்து கையில் வரும்போது 2,300 ஆகிவிட்டது. வெளிநாட்டில் பொருள் வாங்குபவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் மனசு குளிர்ந்தது உண்மை. சி.என்.சி.யில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) வெட்டிய தகடுகள், ஓரமெல்லாம் சுத்தமாகச் சீவியிருந்தது. ரசமட்டத்தின் விளிம்பை வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் உள்ளே வரவில்லை, அவ்வளவு நேர். கட்டையின் உயரத்தை மாற்ற நான்கு துளை ஜோடிகள். தகட்டில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பெடலைப் பிடித்து ஆட்டியபோது லேசாக 'டிக் டிக்' என்றது. புதுசிலேயே ஆட்டம். போல்ட்டுகளின் ஆலன் கீ துளை ஆழம் குறைவு, சாவி அரைகுறையாகத்தான் உட்கார்ந்தது. மாட்டும் முறை பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

மாட்ட உட்கார்ந்த சனிக்கிழமை மின்வெட்டு. அந்த வருடம் இங்கே மின்வெட்டு எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு கியர் பக்கத்தை முதலில் பிடித்தேன். கியர் லிவரையும் இன்ஜினிலிருந்து வரும் சிறு கையையும் இணைக்கும் கம்பிக்கு இரண்டு முனையிலும் குண்டு மூட்டு இருக்கும். ஒரு முனையில் நேர் மரை, மறு முனையில் இடது மரை. அப்படி இருப்பதால்தான் கம்பியை மட்டும் திருகினாலே நீளம் கூடும், குறையும். இது தெரியாமல் இடது மரை லாக் நட்டை நான் இறுக்குவதாக நினைத்துத் தளர்த்திக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் போயிற்று.

அதைவிட முக்கியம் கோணம். கம்பி இரண்டு கைகளுக்கும் ஏறக்குறைய செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் மிதிக்கும் தூரத்தில் ஒரு பகுதி வீணாகும், மேல் கியருக்குப் போகும்போது ஒரு கனம், கீழே வரும்போது வேறு கனம் என்று இருக்கும். இன்ஜின் பக்கத்துக் கையைக் கழற்றி, பல் இரண்டு தள்ளி மாட்டியதும் வெண்ணெய் போல விழுந்தது. அந்தக் கையைத் தலைகீழாகத் திருப்பினால் ரேஸ்காரர்கள் மாதிரி கியர் வரிசையும் தலைகீழாகும். ஒரு ஞாயிறு செய்து பார்த்தேன். மூன்றாவதுக்குப் போக நினைத்து முதலுக்குப் போனேன். திங்கட்கிழமை பழையபடி மாற்றிவிட்டேன்.

இனி பிரேக் கதை. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

புதுப் பெடல் என் காலுக்குக் கொஞ்சம் தாழ்வாக இருந்தது. பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் போகும் தள்ளுகம்பியை (புஷ் ராடை) நீட்டினால் பெடல் உயர்கிறது. சரி என்று நீட்டி, லாக் நட்டை இறுக்கிவிட்டேன். உள்ளூரில் இரண்டு நாள் ஓட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து திரும்பும்போது க்ளூஃப் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் இறங்கினேன். 2013இல் லாரி விபத்தில் 24 பேர் செத்த இறக்கம் அது. பாதியில் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் கனத்தது. கருகிய வாசனை. ஓரமாக நிறுத்தி, பாட்டிலில் இருந்த தண்ணீரை விரலில் தொட்டுப் பின் டிஸ்க்கில் சொட்டினேன். சுர்ரென்று பறந்துவிட்டது. சக்கரம் கையால் தள்ளினால் நகரவில்லை.

நடந்தது இதுதான். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பெடலை விட்டதும் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்தால்தான் அந்தத் துளை திறக்கும், சூட்டில் விரியும் பிரேக் ஆயில் மேலே டப்பாவுக்குப் போகும். நான் புஷ் ராடை நீட்டியதில் பிஸ்டன் எப்போதும் கொஞ்சம் உள்ளேயே இருந்தது, துளை மூடியே கிடந்தது. இறக்கத்தில் பிரேக் சூடாகிறது, ஆயில் விரிகிறது, போக வழியில்லை, டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேடுகளை இன்னும் அழுத்துகிறது, இன்னும் சூடு. நானாகச் செய்த வினை. அரை மணி நேரம் ஆறவிட்டு, ராடை இரண்டு சுற்று உள்ளே திருகியதும் சக்கரம் சுழன்றது.

மறுநாள் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். நான்காம் தலைமுறை டர்பன்காரர். பேச்சு முழுக்க ஆங்கிலம், 'தம்பி' மட்டும் சுத்தத் தமிழ். திட்டும்போதும் அதேதான். பெடல் நுனியை ஒரே விரலால் தொட்டு, "தம்பி, முதல் சில மில்லிமீட்டர் சும்மா போகணும். விரலுக்கு ஒண்ணுமே தெரியக்கூடாது. அப்புறம்தான் பிரேக்" என்றார். பெடல் உயரத்துக்குத் தனி நிறுத்தத் திருகு அந்தக் கிட்டிலேயே இருந்தது. தகட்டுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில்.

அதோடு போகவில்லை. பிரேக் லைட் சுவிட்ச் இந்த வண்டியில் ஸ்பிரிங் இழுத்து வேலை செய்வது. புதுப் பெடலில் கொக்கித் துளை தள்ளி இருந்ததால் ஸ்பிரிங் எந்நேரமும் இழுபட்டு, லைட் அணையவே இல்லை. ஒரு ரோபோவில் மினிபஸ் டாக்ஸி ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சொல்லித்தான் தெரிந்தது. கோபுரத்துக்குக் கட்டும் செப்புக் கம்பியில் சின்ன வளையம் முறுக்கி இடைவெளியைச் சரிசெய்தேன். இன்றுவரை அதே வளையம்தான்.

அடுத்த எட்டு மாதம் நிம்மதி. பிறகு கியர் லிவர் தளர ஆரம்பித்தது. புதிதில் நுனியில் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்த ஆட்டம், 11,000 கிலோமீட்டரில் 7 மில்லிமீட்டர். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே கியர் விழாமல் இன்ஜின் சும்மா அலறும். நல்ல வேளையாக, நின்ற நிலையில் முதல் கியரிலிருந்து தூக்கினால் நியூட்ரலைத் தாண்டாத வசதி இந்த வண்டியின் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால் ரோபோவில் தொந்தரவு இல்லை. கழற்றிப் பார்த்தால், பேரிங் என்று விளம்பரத்தில் போட்டிருந்த இடத்தில் மெல்லிய தகரப் புஷ் (தண்டு உள்ளே சுழலும் சின்ன உருளை). அது முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. குண்டு மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இல்லாததால் உள்ளே என் சிமென்ட் தூசியே அரைத்துக்கொண்டிருந்தது.

லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து இரண்டு பக்கமும் வெண்கலப் புஷ் கடைந்து போட்டேன். ரப்பர் மூடி போட்ட குண்டு மூட்டு நான்கு வாங்கினேன். போல்ட்டுகளையும் அப்போதே மாற்றினேன். இந்தக் கடற்காற்றில் அவை ஒரு மாதத்திலேயே துருவேறிவிட்டன, இரண்டின் தலை வழுக்கிக் கொறடு போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் துருப்பிடிக்காத எஃகில் போடத்தான் முதலில் நினைத்தேன். சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ரகம், 8.8 என்று வலு குறித்த சாதாரண எஃகு போல்ட்டைவிட வலுவில் ஒரு படி கீழே, அலுமினியத்தோடு சேர்ந்தால் உப்புக்காற்றில் அலுமினியத்தை அரிக்கும். அதனால் எடை தாங்கும் இடங்களில் முலாம் பூசிய 8.8ஐ லாக்டைட்டோடு (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட்டேன், மற்ற இடங்களில் துருப்பிடிக்காத எஃகைக் கிரீஸ் தடவிப் போட்டேன். இதற்கெல்லாம் 700 ராண்ட். ஆக மொத்தம் 3,000. அதற்கப்புறம் 15,000 கிலோமீட்டரில் லிவர் நுனி ஆட்டம் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. கடையில் விற்பது பாதி வேலை முடிந்த பொருள்தான், அசையாத பாகத்துக்கு மட்டும்தான் நாம் காசு கொடுக்கிறோம். மீதியைச் செய்ய லேத்தும் பொறுமையும் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் ஒரிஜினலே மலிவு.

கறுப்புப் பூச்சு பற்றி ஒரு வார்த்தை. வெயிலில் வெளுத்து இப்போது நல்ல கத்தரிக்காய் நிறம். எனக்குப் பிடித்திருக்கிறது.

உட்காரும் வாகு தனிக்கதை. ஆகக் கீழான துளையில் வைத்தாலும் கட்டை பழையதைவிட 30 மில்லிமீட்டர் மேலே, 25 மில்லிமீட்டர் பின்னே. சாரத்தின் மேல் நாள் முழுக்கக் குத்துக்கால் போட்டு உட்காருபவன் நான். மாலையில் அதே முழங்காலை மறுபடி மடக்கி வைத்து 80 கிலோமீட்டர் ஓட்டினால் இறங்கும்போது 'முருகா' என்றுதான் இறங்குவேன். இளவட்டங்களுக்குத் தெரியாது. ரப்பர் இல்லாத கட்டை என்பதால் ஆறாயிரம் ஆர்பிஎம்மைத் தாண்டினால் பாதம் மரத்துப்போகிறது, பூட்ஸின் அடியையும் அரம்போல ராவிவிட்டது. ஆனால் மழையில், சிமென்ட் பால் ஒட்டிய பூட்ஸோடு, ஒருமுறைகூட கால் வழுக்கவில்லை. பழைய ரப்பர் கட்டையில் அது அடிக்கடி நடக்கும்.

கட்டை மடங்காதது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. சாய்வில் தரையில் உரசினால் மடங்கும் கட்டை தூக்கிக்கொள்ளும், மடங்காதது வண்டியையே தூக்கும். நான் அப்படிச் சாய்த்து ஓட்டுவதில்லை என்பதால் விட்டுவைத்திருக்கிறேன். போன வருடம் கோயில் முற்றத்தில் ஸ்டாண்ட் ஈரமண்ணில் புதைந்து வண்டி மறுபடி விழுந்தது. கட்டையைப் பிடித்திருந்த போல்ட் வளைந்தது, தகட்டில் ஒரு கீறல். ஒற்றை போல்ட்டோடு செலவு முடிந்தது. வார்ப்பு பிராக்கெட்டாக இருந்தால் மறுபடி முழுசாக வாங்கியிருப்பேன்.

பழைய ஒரிஜினல் இடது பக்க செட்டைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். விற்கும்போது பெயர் மாற்ற, வண்டி சாலைக்குத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும், வலது பக்கத்துக்கு உடைந்த வண்டியிலிருந்து ஒன்று கிடைத்தால் போதும்.

நேற்று கழுவும்போது பார்த்தேன், பிரேக் பெடலை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் கொக்கி பாதி தேய்ந்திருக்கிறது. மெக்கானிக் அண்ணனிடம் மாற்று இருக்கிறதாம். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.