லூசர்ன் பக்கமா, சால்ஸ்பர்க் பக்கமா: குடும்பத்தோடு ஆல்ப்ஸ் போக எந்த வழி?

பழைய நகரமும் பார்க்க வேண்டும், பனிமலையும் பார்க்க வேண்டும், கூட குழந்தைகளும் பாட்டியும் வருகிறார்கள். இப்படிப்பட்ட பத்து நாள் விடுமுறைக்கு இரண்டு வழிகளை நான் நேரில் அறிவேன். ஒன்று சுவிட்சர்லாந்தில் லூசர்ன், பெர்ன், லாட்டர்ப்ரூனன். இன்னொன்று ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக். இரண்டு கோடைகளில் இரண்டுக்கும் போய்வந்தோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு என் அம்மா.

கிளம்பும்முன் விலையையும் அழகையும்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். போய்வந்த பிறகுதான் தெரிந்தது, முதலில் கணக்குப் போட வேண்டியது நடையை. பழைய நகரத்தை நடந்துதான் பார்க்க முடியும். ஆல்ப்ஸை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மலை என்றால் வயதானவர்களுக்குக் கஷ்டம், ஊர் என்றால் சுலபம் என்று நினைத்திருந்தோம். எங்கள் வீட்டில் அது தலைகீழாகத்தான் நடந்தது.

லூசர்னில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. அந்த ஏரியில் பழைய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் ஐந்து இன்னும் ஓடுகின்றன. அதிலேயே மூத்தது 1901-இல் கட்டிய ‘ஊரி’. ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் விட்ஸ்நாவ். இறங்கிய இடத்திலேயே ரீகி மலைக்குப் போகும் பல்சக்கர ரயில் நிற்கிறது. 1871-இல் தொடங்கிய இந்தப் பாதைதான் ஐரோப்பாவின் முதல் மலை ரயில். அரை மணியில் 1,798 மீட்டர் உயரமுள்ள ரீகி குல்ம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயிலில் போனவர்களுக்கு அந்தப் பல்சக்கரச் சத்தம் பழகியதுதான். நீலகிரிப் பாதையின் பழைய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவையே. அன்று முழுக்க அம்மா நடந்தது மிகக் கொஞ்சம். ஆனால் ஏரி, பசும்புல், பசுக்கள், தூரத்துப் பனிச்சிகரங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். சாயங்காலம் விடுதிக்குத் திரும்பியபோதும் முகத்தில் களைப்பில்லை.

சால்ஸ்பர்க்கில் இதற்கு நேர்மாறு. பழைய நகரம் பெரும்பாலும் நடப்பவர்களுக்கானது, தரையோ கருங்கல் பாவியது. 1077-இல் கட்டத் தொடங்கிய ஹோஹன்சால்ஸ்பர்க் கோட்டைக்கு மேலேறக் கம்பியால் இழுக்கும் சரிவு ரயில் உண்டு, 1892 முதல் ஓடுகிறது. ஆனால் மேலே போன பிறகும் ஏற்ற இறக்கமும் படிகளும்தான். இரண்டாம் நாளே அம்மா, “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்” என்று மிராபெல் தோட்டத்துப் பெஞ்சில் அமர்ந்துவிட்டார். அந்த வார்த்தை எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவருக்காகத்தான் அந்தப் பயணத்தையே திட்டமிட்டோம்.

ஆனால் சரித்திரம் என்று வந்தால் லூசர்னால் சால்ஸ்பர்க் பக்கத்தில் நிற்க முடியாது. லூசர்னின் பெருமை பதினான்காம் நூற்றாண்டின் மரப்பாலமான காப்பெல்ப்ரூக்கே. 1993 ஆகஸ்டில் அதில் தீப்பிடித்து, கூரைக்கடியில் இருந்த பழைய ஓவியங்களில் பெரும்பகுதி எரிந்துபோனது. பாறையில் குடைந்த சாகும் சிங்கத்தின் சிற்பத்தையும் பார்த்துவிட்டால் அரை நாளில் ஊர் முடிந்துவிடும். சால்ஸ்பர்க் அப்படியில்லை. பெயரிலேயே உப்பு இருக்கிறது: சால்ஸ் என்றால் உப்பு, பர்க் என்றால் கோட்டை. உப்பு வணிகத்தில் சேர்ந்த செல்வத்தில் பேராயர்களே அரசர்களாக இருந்து ஆண்ட ஊர். கெட்ரைடகாஸே தெருவில் 9-ஆம் எண் வீட்டில் 1756 ஜனவரி 27 அன்று மோட்சார்ட் பிறந்தார். இசை கற்கும் பெரியவள் அந்த வீட்டை விட்டு வரவே மனமில்லாமல் நின்றாள்.

சின்னவனுக்குப் பிடித்தது ஊருக்கு வெளியே இருக்கும் ஹெல்ப்ரூன். மார்க்குஸ் சிட்டிகுஸ் என்ற பேராயர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோடை மாளிகை அது. தோட்டத்தில் ஒரு கல்மேசை. சுற்றியுள்ள இருக்கைகளிலிருந்து திடீரென்று தண்ணீர் பீறிடும், பேராயரின் இருக்கை மட்டும் நனையாது. நானூறு வருடத்துக்கு முந்தைய குறும்பு, இன்றும் பிள்ளைகளைக் கூச்சலிட வைக்கிறது. மாற்றுத்துணி எடுத்துப் போங்கள்.

சுவிஸ் வழியில் சரித்திரக் குறையை ஈடுகட்டுவது பெர்ன். அதன் பழைய நகரம் 1983-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குத் தெருவோரம் கூரையிட்ட நடைபாதைகள் இருப்பதால் மழையிலும் நனையாமல் சுற்றலாம். கோடையில் உள்ளூர்க்காரர்கள் ஆரே ஆற்றில் குதித்து நீரோட்டத்தோடு மிதந்து போவார்கள். இழுப்பு பலமானது, நன்றாக நீந்தத் தெரியாத பிள்ளைகளை இறக்காதீர்கள். 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் குடியேறி வாழும் நாடு இது. பெர்னில் பல மதங்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் ‘மதங்களின் இல்லம்’ என்ற கட்டடத்தில் அவர்களுடைய கோயிலும் இருக்கிறது. ஒரு வாரம் ரொட்டியும் சீஸும் தின்ற பிறகு தமிழ்க் கடையில் மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் பார்த்தபோது அம்மாவின் முகம் மலர்ந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்ஸ்ப்ரூக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். நகரத்துக்கும் மலைக்கும் நடுவே இவ்வளவு குறைந்த தூரத்தை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. மாக்ஸிமிலியன் மன்னருக்காக 1500-இல் முடித்த தங்கக்கூரை, 2,657 முலாம் பூசிய செப்புத் தகடுகளோடு பழைய ஊரின் நடுவில் மின்னுகிறது. அங்கிருந்து சில நிமிட நடையில் மலையேறும் ஹுங்கர்பர்க் ரயில். அதன் நிலையங்களை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் சாஹா ஹதீத். அதற்கு மேல் இரண்டு கேபிள் கார் மாறினால் 2,200 மீட்டருக்கு மேலே ஹாஃபலேகார். காலையில் தங்கக்கூரை, மதியம் மலையுச்சி, சாயங்காலம் மறுபடி ஊருக்குள் ஐஸ்கிரீம். பத்து வயதுக்கு மேற்பட்ட, சுறுசுறுப்பாக நடக்கும் பிள்ளைகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வேன். ஜூலையில்கூட மேலே ஸ்வெட்டர் வேண்டும்.

இரு பக்கமும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லும் இடம் ஒன்று உண்டு. இரண்டையும் நான் விட்டுவிடச் சொல்வேன். சுவிஸ் பக்கம் அது யுங்ஃப்ராவ்யோக், 3,454 மீட்டர் உயரத்தில் ரயில் போய் நிற்கும் பனிமலைக் கணவாய். 1912-இல் முடித்த அந்தச் சுரங்க ரயில் பாதை பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் சின்னக் குழந்தைக்கும் இதய நோய் உள்ளவருக்கும் அந்த உயரம் சரிவராது, செலவும் மிக அதிகம். ரயில், பேருந்து, கப்பல் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டான சுவிஸ் டிராவல் பாஸ் கீழேயுள்ள வெங்கன், கிரிண்டல்வால்ட் ஊர்கள் வரைதான் முழுதாகச் செல்லும், அதற்கு மேல் தள்ளுபடி மட்டும். லாட்டர்ப்ரூனன் பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டாவ்பாக் அருவியைத் தெருவில் நின்றே பார்க்கலாம், காசில்லை. யுங்ஃப்ராவ்யோக்குக்குக் கட்டாயம் போவதென்றால், காலையில் மலையுச்சி கேமராவில் மேகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். ஆஸ்திரியாவில் அந்த இடம் ஹால்ஸ்டாட். ஆயிரம் பேர்கூட வசிக்காத ஏரிக்கரைக் கிராமம், கோடையில் கூட்டம் தாங்கவில்லை. சால்ஸ்பர்க்கிலிருந்து அதைவிடக் கிட்டத்தில் இருக்கும் வோல்ஃப்காங் ஏரிக்குப் போங்கள். அங்கே 1893 முதல் ஓடும் ஷாஃப்பெர்க் பல்சக்கர ரயிலும் இருக்கிறது.

செலவில் ஆஸ்திரியா குறைவு, சந்தேகமே இல்லை. சாப்பாட்டு மேசையில் உட்காரும்போதே அது தெரியும். ஆனால் சுவிஸில் பெற்றோரிடம் டிராவல் பாஸ் இருந்தால், இலவசமாகத் தரும் ஃபேமிலி கார்டை வைத்து 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அவர்களோடு காசில்லாமல் ரயில், பேருந்து, ஏரிக் கப்பல் எல்லாவற்றிலும் போகலாம். லூசர்ன் கப்பலும் ரீகி ரயிலும் அதற்குள் அடக்கம். இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ளவர்களுக்கு விலை வித்தியாசத்தில் கொஞ்சம் இதிலேயே சரியாகிவிடும். இரு நாடுகளிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பாலும் அரிசியும் வாங்கி வையுங்கள், மறந்துபோனால் பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி.

எப்போது போகிறீர்கள் என்பதும் முக்கியம். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையை நம்பி மே மாதம் போனால், ஆல்ப்ஸில் பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக நின்றிருக்கலாம், உயரத்துப் பாதைகளில் பனியும் கிடக்கும். ரீகி ரயில் வருடம் முழுக்க ஓடுவதால் மே பயணத்துக்கு லூசர்ன்தான் பாதுகாப்பான தேர்வு. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய சால்ஸ்பர்க்கில் 1920-இல் தொடங்கிய இசைவிழா நடக்கும், விடுதி வாடகை எகிறிவிடும். அந்த ஊர் மழையும் பேர்போனது. நூல் நூலாக இறங்கி, ஆரம்பித்தால் நாள் முழுக்க விடாது. மழைக்கோட்டு இல்லாமல் போகாதீர்கள்.

ஆகவே முழங்கால் வலியுள்ள பெரியவரோ கைக்குழந்தையோ கூட வந்தால் லூசர்ன் வழி, கொஞ்சம் அதிகம் செலவானாலும் சரி. எல்லோரும் நன்றாக நடப்பவர்கள், பிள்ளைகளுக்கு இசையிலோ கோட்டைகளிலோ ஆர்வம் என்றால் சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக். இரண்டு ஊருக்கும் இடையே ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

இரண்டையும் கலக்கலாமா என்று கேட்டால், கலக்கலாம். சூரிச்சிலிருந்து இன்ஸ்ப்ரூக்குக்கு நேரடி ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம், ஆர்ல்பெர்க் மலைவழியாகப் போகும் பாதை, ஜன்னலோரம் கிடைத்தால் அதுவே ஒரு சுற்றுலா. லூசர்னில் ஐந்து இரவு, இன்ஸ்ப்ரூக்கில் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும், இந்தக் கணக்கில் அது சுவிட்சர்லாந்து. அடுத்த முறை நாங்கள் இப்படித்தான் போகப்போகிறோம். கப்பலில் இடதுபக்கமா வலதுபக்கமா உட்கார்வது என்று அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.