தனியாகப் போகும் பனிப்பயணத்துக்கு ஓர் அடுப்பு: எம்.எஸ்.ஆர். எக்ஸ்.ஜி.கே. இ.எக்ஸ்.

நார்வேயின் ஹர்டாங்கர்விட்டா பீடபூமியை, ஃபின்சே ரயில் நிலையத்திலிருந்து தெற்கே ஹவுகெலிசேட்டர் வரை, இரண்டு குளிர்காலங்களில் இரண்டு முறை தனியாக ஸ்கீயில் கடந்திருக்கிறேன். துருவப் பயணம் என்று சொல்லிக்கொள்ளும் தூரமில்லை என்றாலும், துருவம் போகிறவர்கள் பயிற்சிக்கு வரும் இடம் இதுதான். 1914இல் துருவப் பயணி ஷாக்கில்டன் அண்டார்க்டிகாவுக்குப் புறப்படும் முன் தம் கருவிகளைச் சோதித்துப் பார்த்ததும் ஃபின்சேயில்தான். முதல் முறை வாடகைக்கு எடுத்தும், இரண்டாம் முறை சொந்தமாக வாங்கியும் நான் பயன்படுத்திய, எம்.எஸ்.ஆர். நிறுவனத்தின் திரவ எரிபொருள் அடுப்பான எக்ஸ்.ஜி.கே. இ.எக்ஸ்.ஸைப் பற்றியே இந்த மதிப்புரை.

கூடாரம், உறக்கப்பை, காலணி ஆகியவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அடுப்பை மட்டும் சமையல் சாமான்களின் பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கே யாரும் சமைப்பதில்லை. உலர்த்திய உணவுப் பொட்டலத்தில் வெந்நீரை ஊற்றி, மூடி வைத்து, சில நிமிடம் கழித்துச் சாப்பிடுவதுதான் இரவு உணவு. குடிக்க, கஞ்சிக்கு, இரவுச் சாப்பாட்டுக்கு என்று ஒரு நாளைக்கு எனக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டியிருந்தது. அதன் ஒவ்வொரு துளியையும் பனியிலிருந்து இந்த அடுப்பால்தான் எடுக்க வேண்டும். பனியை உருக்குவதற்கு மட்டுமே, உருகிய அதே நீரைக் கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு செலவாகிறது. ஆகவே இந்த அடுப்பைச் சமையல் அடுப்பாகப் பார்க்காமல், குடிநீர்க் குழாயாகப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

என் ஒரு நாள் இப்படித்தான் போனது. காலை ஐந்தரைக்கு விழிப்பு. மூச்சின் ஈரம் கூடாரத்தின் உட்புறமெங்கும் உறைந்து தொங்கும், அதைத் துடைப்பத்தால் தட்டிக் கீழே விழாமல் அள்ளி வெளியே போட வேண்டும். முந்தின மாலையே பையில் நிரப்பி வைத்த பனியைக் கொண்டு அடுப்பு வேலை தொடங்கும். கஞ்சி குடித்து, இரண்டு பிளாஸ்க்குகளை நிரப்பி, கூடாரத்தைப் பிரித்து, இழுவண்டியைக் கட்டி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். பிறகு ஐம்பது நிமிடம் நடை, பத்து நிமிடம் ஓய்வு என்று எட்டுச் சுற்று. மாலை கூடாரம் அடித்த உடனே மறுபடியும் அடுப்பு. கூட ஒருவர் இருந்தால் ஒருவர் கூடாரத்தின் ஓரங்களில் பனியை வாரிப் போடும்போது மற்றவர் உள்ளே தண்ணீர் காய்ச்சலாம். தனியாகப் போகிறவருக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எல்லாம். அடுப்பு பத்து நிமிடம் அடம்பிடித்தால் தூக்கம் பத்து நிமிடம் குறைகிறது.

பழைய பம்ப் ஸ்டவ்வோடு பழகிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பற்ற வைக்கச் சொல்லித்தரத் தேவையில்லை. 1892இல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் செய்த பிரைமஸ் அடுப்பின் வழித்தோன்றல்களே இரண்டும். 1895இல் வட துருவத்தை நோக்கி ஸ்கீயில் கிளம்பிய நார்வே துருவப் பயணி நான்சென் கொண்டுபோனதும் அந்தப் பிரைமஸைத்தான். எரிபொருள் புட்டியில் பம்பைத் திருகி, பதினைந்து இருபது முறை அடித்து, வால்வைச் சற்றே திறந்து பர்னரின் அடிக்கிண்ணத்தில் கொஞ்சம் கசியவிட்டு மூட வேண்டும். பற்ற வைத்தால் முழ உயரத்துக்கு மஞ்சள் சுடர் எழும். அது அடங்கும் நேரம் பார்த்து வால்வைத் திறந்தால் நீலச் சுடர் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டால் மறுபடி மஞ்சள். இந்த மஞ்சள் சுடர்தான் கூடாரங்களை எரிப்பது என்பதால், கூடாரத்து முகப்பறையின் கதவைத் திறந்து வைத்துத்தான் பற்ற வைப்பேன். எரியும் நேரம் முழுவதும் மேல் காற்றுவழியையும் திறந்தே வைப்பேன். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தனியாக இருக்கும்போது நமக்குத் தலை சுற்றுவதைக் கவனித்துச் சொல்லப் பக்கத்தில் ஆளுமில்லை. கேஸ் லைட்டர் இந்தக் குளிரில் வேலை செய்யாது, தீப்பெட்டிதான் துணை.

இந்த அடுப்பின் பெரிய குணம், எதையும் எரிக்கும் என்பது. சுத்திகரித்த பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், விமான எரிபொருள் எல்லாம் செல்லும். எரிபொருளுக்கேற்ப ஜெட்டை, அதாவது எரிபொருள் வெளிவரும் நுண்துளை மூக்கை, மாற்றினால் போதும். நார்வேயில் ‘ரென்செட் பென்சின்’ என்ற பெயரில் கிடைக்கும் சுத்திகரித்த பெட்ரோலையே பயன்படுத்தினேன். கரி அதிகம் படியவில்லை. நாளொன்றுக்குக் கால் லிட்டர் ஆனது. 1993 ஜனவரியில் தென் துருவத்தைத் தனியாக, யாருடைய உதவியும் இல்லாமல் அடைந்த எர்லிங் காகே ஐம்பது நாள் நடந்தார். என் கணக்கில் நடந்தால் அவ்வளவு நாளுக்குப் பன்னிரண்டரை லிட்டர் எரிபொருளை முதல் நாளிலிருந்தே இழுக்க வேண்டியிருக்கும். தூசு அடைத்துக்கொண்டால் பழைய காலத்து ஸ்டவ் பின் தேவையில்லை; ஜெட்டுக்குள்ளேயே ஊசி இருக்கிறது, அணைத்துவிட்டு அடுப்பைக் குலுக்கினால் அடைப்பு போய்விடும். கையுறையைக் கழற்றாமல் செய்யக்கூடிய பராமரிப்பு இது ஒன்றுதான் என்பதால் இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

முதல் பயணத்தின் மூன்றாம் இரவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வெப்பநிலை மைனஸ் இருபத்திரண்டு. பம்ப் அடித்துக்கொண்டிருந்தபோது பெட்ரோல் நெடி வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதுபோல் தோன்ற, தலைவிளக்கைத் திருப்பிப் பார்த்தேன். பம்பின் கழுத்தில் ஈரம் மினுங்கியது. வாடகைக்குக் கொடுத்த கடை ரப்பர் வளையத்தை மாற்றவே இல்லை. அது காய்ந்து விறைத்து வெடித்திருந்தது. வீட்டிலேயே பம்பைப் பிரித்துப் பார்க்காதது என் தவறும்தான். உதிரிப் பையில் வேறு வளையம் இருந்தது. ஆனால் சிறுவிரல் மோதிரம் அளவுள்ள அதைத் தடித்த கையுறையோடு மாட்ட முடியாது. வெறுங்கையில் ஒரு நிமிடம் வேலை, அக்குளில் கையை வைத்து இரண்டு நிமிடம் சூடு என்று மாறி மாறிச் செய்து மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் குளிரில் பெட்ரோல் உறையாமல் விரலில் பட்டு ஆவியாகும்போது தோலே உறைந்து புண்ணாகிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டே தொட்டேன். கடுங்குளிருக்கென்று இதே நிறுவனம் தனிப் பம்ப் விற்கிறது. சொந்தமாக வாங்கியபோது அதையே வாங்கினேன், இரண்டாம் பயணத்தில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. சத்தம் மிக அதிகம். பக்கத்தில் ஜெட் விமானம் நிற்பதுபோல் இரைகிறது. இரவில் செயற்கைக்கோள் தொலைபேசியில் வீட்டுக்கு இருப்பிடத்தைச் சொல்ல அடுப்பு அணையும்வரை காத்திருந்தேன். வெளியே காற்று வலுப்பதும் அந்த இரைச்சலில் காதில் விழாது. சுடரைச் சிறிதாக்கி மெல்லக் கொதிக்கவிடுவது ஏறக்குறைய நடக்காது. சோறு வடித்துச் சாப்பிட நினைப்பவர்கள் வேறு அடுப்பைப் பார்க்கலாம். வால்வை மூடிய பிறகும் குழாயில் மிஞ்சிய எரிபொருள் சிறிது நேரம் எரியும் என்பதால், கடைசிப் பாத்திரம் கொதிக்கச் சற்று முன்பே மூடிவிடப் பழகிக்கொண்டேன். மற்றபடி கால்கள் அகலமானவை, பெரிய பாத்திரத்தைத் தாங்குகின்றன. ஆனாலும் பனிமீது நேராக வைத்தால் வெப்பத்தில் அமிழ்ந்து சாயும். ஒரு சாண் அகல ஒட்டுப்பலகையில் பொருத்தி வைத்துக்கொள்வது நல்லது.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அடியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பனியைப் போட வேண்டும். வெறும் பனியைப் போட்டால் உருகிய நீரைப் பனியே உறிஞ்சிக்கொள்ள, அடிப்பாகம் வறண்டு தீய்ந்து, தண்ணீர் முழுவதும் கருகல் வாடை அடிக்கும். அந்தக் குவளைத் தண்ணீரை இரவு பிளாஸ்க்கில் மிச்சம் வைக்க மறந்த ஒரு காலையில், கருகல் வாடையோடு கஞ்சி குடித்துவிட்டு நாள் முழுவதும் அதே தண்ணீரோடு நடந்தேன்.

விலை மலிவல்ல, எடையும் கேஸ் அடுப்புகளைவிட அதிகம். கோடையில் மலையேறுகிறவர்களுக்கு இது தேவையில்லை. குளிர்காலத்தில் தனியாகப் போகிறவர்கள் குளிர்காலப் பம்ப் இரண்டும் ரப்பர் வளையங்களும் சேர்த்தே வாங்கி, புறப்படும் முன் பம்பை ஒரு முறை கையுறையோடு பிரித்து மாட்டிப் பாருங்கள்.